முழங்கால் நேர்ச்சை

என் முழங்கால்களை என் கணவர் என்னைக் கேட்காமலே நேர்ந்துவிட்டார். நான் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடந்த நாட்களில், அவர் பினாங்கில் எங்கள் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றி, இவள் பிழைத்து வந்தால் புக்கிட் மெர்த்தாஜாம் ஊரின் புனித அன்னம்மாள் திருவிழாவில் கோவில் வாசலிலிருந்து பீடத்துக் கிராதி வரை முழங்காலிலேயே வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வருவேன் என்று அல்ல, வருவாள் என்று. நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள், கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே இதைச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"முழங்கால் யாருதுங்க?" என்று கேட்டேன்.

"உன்னுதுதான்."

"அப்ப என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாமா? உங்களுக்கும்தான் ரெண்டு இருக்கே, அதை நேர்ந்துக்கிறது."

"கேக்குற நிலைமையிலயா நீ இருந்தே, டீச்சர்? கஞ்சியைக் குடிலா, ஆறிப்போகுது."

அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கிப் பழக்கமாகிவிட்டது. நான் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள்; தாய் தகப்பன் முகம் தெரியாது. அங்கேயே ஆங்கிலம் படித்து, அங்கேயே சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லும் வேலையும் பார்த்தேன். அவர் பினாங்கு ஜார்ஜ் டவுனில் சாலை போடும் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர். தமிழ் நன்றாக வாசிப்பார், மலாய் சரளமாகப் பேசுவார்; அந்த மலாய் 'லா' தமிழ்ப் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் மட்டும் 'எஸ் சார்', 'நோ சார்' என்ற அளவோடு நின்றுவிட்டது. துரை கொடுக்கும் காகிதத்தையெல்லாம் மடித்துச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் படித்துச் சொல்வேன். நான் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு. ஒருமுறைகூட இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்ததில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதுதான் வீட்டில் கேட்கும் சத்தம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்த நோய் வந்தது. கருப்பையின் வாயில் புற்று. அதை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், 'பொம்பளை வியாதி' என்பார்கள். நாள் தவறாமல் உதிரம் போய்க்கொண்டே இருந்தது. வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயமாக இருந்தது. எங்கள் ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது, ரேடியம்தான் வழி, சிங்கப்பூருக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். ரேடியம் என்ற சொல்லை நான் பத்திரிகையில் படித்திருந்தேன். என் உடம்புக்குள் அதை வைப்பார்கள் என்று நினைத்ததில்லை.

ஊசி போன்ற சின்னக் குழல்களில் அதை அடைத்து வைத்திருந்தார்கள். ஈயப் பெட்டியிலிருந்து நீளமான இடுக்கியால் எடுத்து உள்ளே வைத்துப் பஞ்சால் அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புரண்டு படுக்கக்கூடாது. மிஸ்ஸிகள் என்று நாங்கள் கூப்பிடும் நர்சுகள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள். என்னிடம் நின்று பேசினால் அவர்களுக்கு ஆகாதாம். எனக்கு அது ஆகுமா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. குழல்களை எடுத்த பிறகு, பல வாரம், இடுப்பின் முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் கதிர்ப்பெட்டியை வைத்துக் கதிர் பாய்ச்சினார்கள். வலிக்காது, சூடுகூடத் தெரியாது. தோல் மட்டும் அடுப்படித் துணி மாதிரி கறுத்து உரிந்தது. எலும்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அப்போது அவர்களுக்கும் தெரிந்திருக்காது. யார் மேலும் எனக்குக் குறையில்லை. உதிரம் நின்றது. நான் பிழைத்தேன்.

முதல் ஜூலைத் திருவிழாவுக்கு எனக்கு நிற்கவே தெம்பில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன், முகத்தில் சதை பிடித்தது. அடுத்த ஜூலையில் வயிற்றுப்போக்கு வந்து மறுபடியும் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு, கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு வாரம் இருக்கும், இடது தொடைச் சந்தில் ஒரு வலி வந்தது.

நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மட்டும் இருந்தது. பிறகு போகும்போதும் வந்தது. ஈஸ்டர் சமயத்தில் காய்கறி வாங்கப் பாசார் வரைகூட ஒரே மூச்சில் போக முடியவில்லை. வழியில் ஏதாவது கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, துணி பார்ப்பதுபோல் நிற்பேன்.

அது என்ன வலி என்று எங்கள் ஆட்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நேர்ந்தது காலை, வலிப்பதும் கால். இரண்டு திருவிழா தவறிவிட்டது, அன்னம்மாள் நினைவுபடுத்துகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். கோவிலில் பூ அலங்காரம் செய்பவர் சொன்னார். காவடி தள்ளிப்போட்டு அந்தத் தோளிலேயே கட்டி வந்த தன் கொழுந்தனைப் பற்றி எதிர்வீட்டு இந்து அம்மாள் சொன்னார். என் கணவரோ, அவரே குற்றவாளி என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, "ஜூலை வரைக்கும் பொறுத்துக்க டீச்சர், போயிட்டு வந்தா சரியாயிடும்" என்றார்.

நானும் நம்பினேன். இதை ஒளிக்காமல் எழுதத்தான் வேண்டும். ஆங்கிலம் படித்தவள், ரேடியத்துக்காகக் கப்பலேறியவள், ஆஸ்பத்திரி ரிக்ஷாவில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது. ஆனாலும் ஆறு மாதம் சீனக் கடையின் மருந்தெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஜூலைக்காகக் காத்திருந்தேன். பரலோகத்திலிருந்து வரும் நினைவூட்டலை டாக்டரிடம் காட்டினால் சந்தேகப்படுவதாகிவிடுமே என்று இருந்தது.

திருவிழா நாளன்று படகேறிக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் போனோம். சரியான வெயில். மலையடிவாரத்தில் தமிழர், சீனர், ஐரோப்பியக் கலப்பினச் செராணிகள் என்று கூட்டம் நெரிந்தது. கோவில் வாசலில் அவர் என் செருப்பை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முழங்காலுக்கு அடியில் போட ஒரு துண்டை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். "வேணாம்" என்றேன். துண்டு போட்டுத்தான் போகவேண்டுமென்றால் அதையும் நேர்ந்திருக்க வேண்டியதுதானே என்று வாய் வரைக்கும் வந்தது. கோவிலாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

முதல் சில அடி எளிதாகத்தான் இருந்தது. முழங்காலில் போகும்போது நாம் நடப்பதில்லை, இடுப்பைத் திருகித் திருகித்தான் நகர்கிறோம். அது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஒவ்வொரு திருகலுக்கும் தொடைச் சந்தில் யாரோ குத்தூசியை இறக்குவதுபோல் இருந்தது. அவர் பக்கத்திலேயே குனிந்து நடந்து வந்தார். "இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்" என்று முணுமுணுத்தார். செபமாலை சொல்கிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். பாதிக் கோவில் தாண்டியிருப்போம். எனக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது, முருங்கைக் கிளை முறிகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் விழுந்தேன். விழுந்து உடையவில்லை, உடைந்து விழுந்தேன். இந்த வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சுற்றியிருந்தவர்கள் நான் பக்தி முற்றி விழுந்துவிட்டதாக நினைத்தார்கள். யாரோ மாதாவின் 'அருள் நிறைந்த' மந்திரத்தை உரக்கத் தொடங்க, நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். என் கணவர் முகத்திலும் முதலில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது. பிறகு என் இடது பாதத்தைப் பார்த்தார். அது எனக்குச் சொந்தமில்லாததுபோல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கக்கத்திலிருந்த செருப்பு கீழே விழுந்தது. "ஐயோ டீச்சர்" என்றார். கோவில் பெஞ்சு ஒன்றில் என்னைக் கிடத்தி ஸ்டேஷன் வரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். ரயிலிலும் படகிலும் அவர் என் பாதத்தை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டே வந்தார். கை மரத்துப் போயிருக்கும், மாற்றிக்கொள்ளவே இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மறுநாள் காலை வெள்ளைக்கார டாக்டர் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். என் கணவர் கட்டிலின் கால்மாட்டில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். டாக்டர் பொறுமைசாலி. நான் ஆங்கிலம் பேசியதைக் கேட்டதும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பதைத் தொடாத பெண்ணின் எலும்பு இப்படி இருக்கக்கூடாது என்று படத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். தொடையெலும்பின் கழுத்துப் பகுதி சாம்பல் பூத்து, பூச்சி அரித்த பலகைபோல் தெரிந்தது. சிங்கப்பூர் சிகிச்சையைப் பற்றி விவரமாகக் கேட்டார். கதிர்ப்பெட்டியை எங்கெங்கே வைத்தார்கள் என்று தொட்டுக் காட்டச் சொன்னார்.

பிறகு சொன்னார். எலும்பு கல் இல்லை. அதற்குள் உயிரணுக்கள் இருக்கின்றன. சில பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும், சில அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டும். வாழ்நாள் முழுக்க இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. புற்றைக் கொல்லும் கதிர், வழியில் இருக்கும் எலும்பையும் விடாது. கட்டுகிற அணுக்கள்தான் அதிகம் சாகின்றன. அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களும் சுருங்கி அடைபடுகின்றன. கரைப்பது நடக்கிறது, கட்டுவது நின்றுவிடுகிறது. ஒன்று இரண்டு வருடத்தில் எலும்பு வெளியே முழுசாகவும் உள்ளே வலுவில்லாமலும் ஆகிவிடுகிறது. இப்படிச் சிலருக்கு நேர்ந்ததாகச் சமீபத்தில்தான் வைத்தியப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார்.

"முன்னாலேயே வலி இருந்ததா?" என்று கேட்டார்.

ஆறு மாதமாக என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு மாதத்துக்கு முன் வந்தது மயிரிழை போன்ற விரிசல். அன்றைக்கே வந்து படுத்திருந்தால், காலில் பாரம் விழாமல் சில வாரம் கிடந்திருந்தால், பெரும்பாலும் தானாகக் கூடியிருக்கும். முழங்காலில் திருகித் திருகிப் போனதுதான் அதை முறித்துவிட்டது. இதை அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆனால் தெளிவாகச் சொன்னார். "யார் சொல்லி இப்படிச் செய்தாய்?" என்றும் கேட்டார். நானேதான் என்றேன்.

அவர் போனதும் என் கணவர் கட்டிலைச் சுற்றி என் தலைமாட்டுக்கு வந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

அவருக்குப் புரியும்படி அவர் வேலையை வைத்தே சொன்னேன். "உங்க ரோட்டுல பழைய கல்லைப் பேக்குற ஆளுங்க ஒரு கூட்டம், புதுக்கல்லு போடுற ஆளுங்க ஒரு கூட்டம் இருக்காங்கல்ல, எலும்புக்குள்ளயும் அப்படித்தானாம். ரேடியம் பட்டதுல கல்லு போடுற ஆளுங்க முக்காவாசிப் பேர் செத்துட்டாங்க. பேக்குறவங்க பாட்டுக்குப் பேத்துக்கிட்டே இருக்காங்க. மேல பாத்தா ரோடு இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

உடனே புரிந்துகொண்டார். தலையை ஆட்டினார். பிறகு, வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உள்ள ஒண்ணுமில்லாத ரோடு சும்மா நின்னுக்கிட்டுதான் இருக்கும், டீச்சர். மேல பாரம் ஏறுனாத்தான் அமுங்கும். முட்டி போட்டுப் போனதாலதான் ஒடைஞ்சிச்சா?"

அந்த நிமிடத்தை நான் பலமுறை திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன். அவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "இல்ல" என்றேன். "எப்படியும் ஒடைஞ்சிருக்குமாம். படி எறங்கும்போது ஒடைஞ்சிருக்கும், இல்லாட்டி பாசார்ல. கோவிலுக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னாரு."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

இரக்கப்பட்டுத்தான் பொய் சொன்னேன். அதில் பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

மார்பிலிருந்து கால் விரல் வரை மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் கிடந்தேன். உள்ளே அரிக்கும்போது பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்வேன். அவர் வேலை விட்டு நேரே வருவார். தார் வாடையோடு வந்து உட்கார்ந்து சோறு ஊட்டுவார். மற்றப் பெண்களுக்கு அது வேடிக்கை. "மண்டோர் அண்ணன் மாதிரி ஆளு கிடைக்காதுக்கா" என்று என்னிடம் சொல்வார்கள். எலும்பு கூடியது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். ஆனால் கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. சீனச் செருப்புக்கடைக்காரர் இடது செருப்புக்கு மட்டும் தக்கையால் உயரம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது சின்னப் பிள்ளைகள் என் பின்னால் நொண்டிக் காட்டின. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ரேடியம் என் எலும்பைத் தின்ற கதையை அவர் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்கு வருகிறவர்கள், கோவிலில் பார்ப்பவர்கள், அவர் கூலியாட்கள் என்று ஒருவரையும் விடவில்லை. கல் பெயர்க்கிறவன், கல் போடுகிறவன் என்று நான் சொன்னதை இன்னும் அழகாகச் சொல்வார். கடைசியில் தவறாமல், "முட்டி போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று முடிப்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். போய், அவர் வைத்த ரசத்தில் உப்பு குறைச்சல், வாளியை நடையில் வைத்தது யார் என்று அவர் மேல் பாய்வேன். எதற்கு என்று அவருக்குப் புரியாது. "கால் நோவுதா டீச்சர்?" என்று கேட்பார்.

எங்கள் கோவில் சந்தில் இடியாப்பம் விற்கும் ஒரு விதவை இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள், இரண்டு பெண்பிள்ளைகள். விடிந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு தெரு நடப்பாள். அந்த நடைதான் மூன்று பேருக்கும் சோறு. நான் பள்ளிக்கூடம் திரும்பிய அதே வருடம் அவளுக்கும் என் நோய் வந்தது. வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டிருந்தவளை அதட்டிச் சிங்கப்பூருக்கு அனுப்பியதே நான்தான். கடிதம் எழுதிக்கொடுத்தேன், பிள்ளைகளை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டேன். அவளும் பிழைத்தாள். மறுபடியும் கூடை தலைக்கு ஏறியது.

இரண்டு வருடம் கழித்து, ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன், அவர் நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவள் வாசற்காலைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றாள். உட்காரும்போது வலது கையைத் தொடைச் சந்தில் அழுத்திக்கொண்டாள். என் கையிலிருந்த பேனா நின்றது.

"திருவிழாவுக்கு எந்த ரயிலு தோதுப்படும்னு கேக்க வந்தேன் அண்ணே" என்றாள் அவரிடம். "கால் சக்கிட், ரெண்டு மாசமா நோவு. நடந்தா உசிரு போவுது, குந்துனா ஒண்ணுமில்ல. போன வருசமே முட்டிபோட்டு வரேன்னு நேர்ந்துக்கிட்டேன், போகல. அன்னம்மா விடமாட்டேங்கிறாங்க." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அக்காவுக்கு ஆன மாதிரி ஆயிடுமோன்னுதான் பயமா இருக்கு."

நான் வாய் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். "அதுக்கெல்லாம் பயப்படாதேலா தங்கச்சி. இவளுக்கு ஒடைஞ்சது ரேடியத்தால. முட்டி போட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டர் சொன்னாரு, இவளே காதால கேட்டா. நாங்களே ஒன்னையக் கூட்டிட்டுப் போறோம். நான் பக்கத்துலயே வர்றேன்."

அவள் முகம் தெளிந்தது. என் பொய் என் கண்ணெதிரே இன்னொருத்தியின் இடுப்பைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் இவள் கால் போகும், கூடை போகும், அந்த இரண்டு பெண்களும் என்னைப்போல் மடத்து வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். பேசினால் அந்த நாற்காலியில் இருக்கும் மனிதர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, பிறகு அவளிடம் பக்குவமாகச் சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் அவள் போவதற்கு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எழுந்திரிக்காதே!" என்று கத்திவிட்டேன்.

இருவரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

"அந்தக் கால்ல பாரம் போடாதே. அன்னம்மாளும் கூப்பிடல, யாரும் கூப்பிடல. எலும்புல விரிசல் விட்டிருக்கு. எனக்கும் இப்படித்தான் வந்திச்சு, இதே எடத்துல, இதே மாதிரி. அப்பவே படுத்திருந்தா கூடியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. முட்டி போட்டுப் போனதாலதான் எனக்கு முறிஞ்சிச்சு. டாக்டர் அதைத்தான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

சொல்லும்போது அவளைத்தான் பார்த்தேன். அவர் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. பத்திரிகை மடிக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். பிறகு எழுந்தார்.

"நீ அப்படியே இரு தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ரிக்ஷாவோடு வந்தார். அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய், கால் தரையில் படாமல் ரிக்ஷாவில் இறக்கி உட்காரவைத்தார். இழுக்கும் சீனரிடம் "பெலான், பெலான்" என்று கையால் காட்டி மெதுவாகப் போகச் சொன்னார். சாலையில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அவருக்குத்தான் தெரியும். ரிக்ஷாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, வழி சொல்லியபடி ஆஸ்பத்திரி வரை கூடவே நடந்தார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் அவளுடைய பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து சோறு போட்டேன். 

விளக்கு ஏற்றும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். பிள்ளைகள் பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தன.

"மயிரிழை மாதிரி ஒரு கோடாம்" என்றார். "ஒடையலையாம். ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தா கூடிடும்னு டாக்டரோட ஒத்தாசைக்கு இருக்குற டிரெசர் சொன்னாரு. தமிழ் டிரெசர், தமிழ்லதான் சொன்னாரு."

கடைசியில் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மற்றபடி அவர் சொன்னபடியே நடந்தது. அவள் எலும்பு கூடிவிட்டது. பல வருடம் அவள் நேராக நடந்து இடியாப்பம் விற்றாள். ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தோஷம் எங்கள் இருவருக்கும் எட்டவில்லை. அவர் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குத் திட்டத் தெரியும்.

"எனக்காகத்தான் மறைச்சியா?"

"ஆமா. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான்."

"தாங்கியிருக்கமாட்டேன்" என்றார். "ஆனா மூணு வருசமா சாமியார்கிட்ட ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்துலயும் வேலையாளைத் திட்டுனது, கள்ளு குடிச்சது எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருந்தேன். உன் காலை ஒடைச்சதைச் சொல்லல. எனக்குத் தெரியலயே. உங்கிட்ட மன்னிப்புக் கேக்கக்கூட நீ என்னைய விடலயே, டீச்சர்."

நான் அவரைக் காப்பாற்றியதாகத்தான் மூன்று வருடமும் நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருப்பார். கேட்டால் நான் மன்னித்திருக்க வேண்டும். மன்னிக்க எனக்கு மனமில்லை. என் முழங்காலை என்னைக் கேட்காமல் கொடுத்தவர் மேலிருந்த கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் நான் வாயை மூடியிருந்தேன். ரசத்தில் உப்பு குறைச்சல் என்று கத்தியதெல்லாம் அதுதான். அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோது இது எனக்கு உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கோபம் போய்விடவில்லை.

"இப்பக் கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

கேட்டார். சின்ன வார்த்தைதான். தலையைக் குனியாமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மன்னித்தேன் என்று பதில் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று.